சீஸ் பஜ்ஜி: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பொரிப்பது

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உணவு ஆலோசனை கேட்டு வருபவர்களிடம், மாலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பது என் வழக்கம். மசால் வடை, வாழைக்காய் பஜ்ஜி என்று வந்துகொண்டிருந்த பதிலோடு, எங்கள் வேலூரின் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் இப்போது சீஸ் போண்டாவும் சீஸ் வைத்துப் பொரித்த பிரெட்டும் சேர்ந்துவிட்டன. இவற்றை அறவே விட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் அந்த அறிவுரையை யாரும் ஒரு வாரத்துக்கு மேல் கடைப்பிடிப்பதில்லை என்பதால் நான் அதைச் சொல்வதில்லை. எப்போதாவது நாலு பஜ்ஜி சாப்பிடுவதைவிட, அது எத்தனை நாள் பழைய எண்ணெயில் வெந்தது, உள்ளே இருந்த சீஸில் எவ்வளவு உப்பு இருந்தது என்பவையே உடலுக்கு முக்கியமான கேள்விகள்.

முதலில் எண்ணெய். கொதிக்கும் எண்ணெயில் மாவு விழும்போது அதிலுள்ள நீர், காற்று, வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்து எண்ணெயின் கொழுப்பை உடைக்கின்றன. சட்டியில் கருகித் தங்கும் மாவுத் துணுக்குகளும் உப்பும் அந்தச் சிதைவை இன்னும் விரைவுபடுத்துகின்றன. இப்படி உருவாகும் சிதைவுப் பொருள்களை மொத்த முனைவுச் சேர்மங்கள் என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டில் இதை அளக்கக் கருவி இல்லாவிட்டாலும் அடையாளங்கள் உண்டு: எண்ணெய் கருத்துப் பாகு போலக் கெட்டியாகும், அடுப்பு மிதமாக இருக்கும்போதே புகையும், மாவு போட்டதும் எழும் நுரை அடங்காமல் சட்டியின் விளிம்பு வரை ஏறும்.

என்னிடம் வரும் டீக்கடைக்காரர் ஒருவர், "நான் தெனமும் புது எண்ணெய்தான் ஊத்தறேன் மேடம்" என்று உறுதியாகச் சொன்னார். "பழைய எண்ணெயை என்ன செய்வீங்க அண்ணே?" என்று கேட்டதும், "அது சட்டியிலேயே இருக்கும், கொறையறதுக்குத்தான் புதுசு ஊத்தறேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான கடைகளில் 'புது எண்ணெய்' என்பதற்குப் பொருள் இதுதான். ஏற்கெனவே சிதைந்த எண்ணெயில் புதியதைக் கலந்தால் பழையது சீராவதில்லை, புதியதும் விரைவில் கெட்டுப்போகிறது.

நன்றாகப் பொரிந்த பஜ்ஜி ஏன் எண்ணெய் குடிப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. எண்ணெய் ஏறத்தாழ 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும்போது மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியே பீறிட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவியின் விசை எண்ணெயை உள்ளே விடாது. சூடு குறைந்தாலோ, சட்டியில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்தைப் போட்டு நெருக்கினாலோ, இந்தத் தடுப்பு தளர்ந்து பஜ்ஜி எண்ணெயில் ஊறிவிடும். ஒரு துளி மாவை விட்டால், அது அடியில் தங்காமல் உடனே மேலெழும்ப வேண்டும், ஆனால் அப்போதே சிவந்துவிடக் கூடாது. அதுவே சரியான பதம். மொறுமொறுப்புக்கு ஒரு கிண்ணம் கடலை மாவுக்குக் கால் கிண்ணம் அரிசி மாவு போதும். சமையல் சோடா மாவில் துளைகளை உண்டாக்கி எண்ணெயை உறிஞ்ச வைக்கிறது. போதாக்குறைக்கு, ஒரு தேக்கரண்டி சோடாவில் ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது.

சோடியம் என்றதும் சீஸுக்கு வர வேண்டும். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு, என்ற வரம்புக்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. கடைகளில் கிடைக்கும் பதப்படுத்திய சீஸில் 20 கிராம் எடையுள்ள ஒரு துண்டிலேயே 200 முதல் 300 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கக்கூடும். மாவில் போடும் உப்பு, தொட்டுக்கொள்ளும் சட்னி, கெட்சப் எல்லாம் இதற்கு மேல்தான். சீஸில் நல்ல புரதமும் கால்சியமும் இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்காகப் பிள்ளைகளுக்குத் தினமும் எண்ணெயில் பொரித்த சீஸ் பண்டங்கள் தருவது நியாயமாகாது.

மலிவான சீஸ் பாக்கெட்டுகளில் பலவற்றின் மேல் 'அனலாக்' என்ற சொல் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். பாலின் கொழுப்புக்குப் பதிலாகப் பாமாயில் போன்ற தாவரக் கொழுப்பும், பல வேளைகளில் மாவுச்சத்தும் சேர்த்துச் செய்யப்படுபவை அவை. அது விஷமென்று கைப்பேசியில் சுற்றும் காணொளிகளை நம்ப வேண்டியதில்லை. ஆனால் சீஸின் புரதமும் கால்சியமும் அதிலும் அப்படியே கிடைக்கும் என்று எண்ணி வாங்குவது வீண் செலவு.

எங்கள் வீட்டில் செய்யும் முறை இது. உப்பில்லாத வீட்டுப் பன்னீரை உதிர்த்து, மூன்றில் ஒரு பங்கு சீஸைத் துருவிச் சேர்த்து, மிளகுத்தூளும் கொத்தமல்லியும் பிசைந்துகொள்வோம். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு விட்டுப் பாலைத் திரித்துச் செய்த பன்னீர் சூட்டில் உருகாது என்பதால் பூரணம் வழியாது, உப்பும் குறையும். புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள் கத்தரிக்காயை மெல்லிய வில்லைகளாக அரிந்து, இரண்டு வில்லைகளுக்கு நடுவே இந்தப் பூரணத்தை வைத்து அழுத்தி, அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபின் கெட்டி மாவில் தோய்த்துப் பொரிக்க வேண்டும். கத்தரிக்காய் எண்ணெயை வெகுவாக உறிஞ்சும் காய் ஆகையால், ஓரம் உட்பட எங்கும் மாவு மூடியிருக்கிறதா என்று பார்த்துப் போடுவது அவசியம். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடலாம். எடுத்ததைச் செய்தித்தாளில் வைக்க வேண்டாம். சூடான எண்ணெய் அச்சு மையை இழுத்துக்கொள்ளும். வாழையிலையோ மந்தாரை இலையோ போதும்.

மிஞ்சிய எண்ணெயை ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்புக்கும் பொரியலுக்கும் தீர்த்துவிடலாம். மறுபடியும் சட்டியில் ஊற்றிப் பொரிக்க வேண்டாம்.

சிறுநீரகச் சிகிச்சைக்காகப் பல ஊர்களிலிருந்தும் வேலூருக்கு வந்து தங்குபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பதப்படுத்திய சீஸில் கொழுப்பும் நீரும் பிரியாமலிருக்கச் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளை, இயற்கையாக உணவிலுள்ள பாஸ்பரஸைவிட மிக எளிதாக உடல் உறிஞ்சிக்கொள்கிறது. பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. பாக்கெட்டின் பின்புறம் 339, 452 என்ற எண்கள் இருந்தால் அவை பாஸ்பேட்டுகள் என்று அறிந்து, அந்த சீஸைத் தவிர்க்க வேண்டும். பன்னீர் எவ்வளவு சேர்த்துக்கொள்ளலாம் என்பதை உங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து மருத்துவமனையின் உணவியல் நிபுணர் சொல்வார்.