மொமென்ட் மார்க்கெட்டிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

2021 ஜூலை 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். பிறகு ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பீட்சா சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது, முதல் வேலையாக அதைத்தான் சாப்பிட வேண்டும் என்றார். டோமினோஸ் இந்தியா அதைப் பிடித்துக்கொண்டது. இனி அவருக்கு வாழ்நாள் முழுக்க பீட்சா இலவசம் என்று ட்விட்டரில் அறிவித்தது. நாடு முழுக்க பதக்கத்தைப் பற்றிப் பேசிய நேரத்தில் பீட்சாவும் அந்தப் பேச்சுக்குள் வந்துவிட்டது.

இப்படிச் செய்வதை இந்திய விளம்பரத் துறையினர் மொமென்ட் மார்க்கெட்டிங் என்கிறார்கள். எல்லோரும் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த நிகழ்வைப் பற்றிக்கொண்டு, அதன் சூடு ஆறுவதற்குள் ஒரு பிராண்ட் தன் பேச்சையும் பேசிவிடுவதுதான் இது. அரசியல், சினிமா, மழை, எதை வைத்தும் செய்யலாம். இருந்தாலும் விளையாட்டுக்குத் தனி இடம் உண்டு. சீரியலை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம், முடிவு தெரிந்த மேட்சை மறுநாள் உட்கார்ந்து பார்ப்பவர் குறைவு. கோடிக்கணக்கானவர்கள் ஒரே நொடியில் ஒரே விஷயத்துக்காகக் கத்துவது இன்றைக்கு விளையாட்டில்தான் நடக்கிறது.

அமெரிக்காவில் இதன் பெயர் ரியல்டைம் மார்க்கெட்டிங். அந்தச் சொல்லை எல்லோர் வாயிலும் வர வைத்தது ஒரு மின்வெட்டு. 2013 பிப்ரவரி 3, நியூ ஆர்லியன்ஸ் நகரில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதியாட்டம். பால்டிமோர் ரேவன்ஸும் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸும் மோதிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் கால்பகுதியில் மைதானத்தின் பாதி விளக்குகள் அணைந்தன. ஆட்டம் 34 நிமிடம் நின்றது. அந்த இடைவெளியில் ஓரியோ பிஸ்கட்டின் ட்விட்டர் கணக்கில் ஒரு படம் வந்தது: இருட்டு மூலையில் ஒற்றை பிஸ்கட், பக்கத்தில் ஒரு வரி. ‘இருட்டிலும் முக்கித் தின்னலாம்’ என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்கர்கள் ஓரியோவைப் பாலில் முக்கித் தின்பவர்கள் என்பது தெரிந்தால்தான் அதன் சுவை புரியும். ஒரு மணி நேரத்தில் 10,000 பேருக்கு மேல் அதைப் பகிர்ந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அதே ஆட்டத்தில் ஓரியோ காசு கொடுத்து தொலைக்காட்சி விளம்பரமும் போட்டிருந்தது என்பது. அந்த ஆண்டு சூப்பர் பவுலில் 30 நொடிக்கு ஏறத்தாழ 40 லட்சம் டாலர் விலை. நூலகத்தில் கிசுகிசுத்துக்கொண்டே சண்டை போடும் அந்த விளம்பரம் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? இடத்துக்கு வாடகை இல்லாமல் போட்ட ட்வீட்டைப் பற்றித்தான் இன்னும் வகுப்பு எடுக்கிறார்கள்.

ஆனால் அது யாரோ ஒருவருக்குத் திடீரென்று உதித்த யோசனை என்று நினைத்துவிடக் கூடாது. ‘360i’ என்ற விளம்பர நிறுவனத்தின் ஆட்கள், எழுதுபவரும் வரைபவரும் சேர்ந்து, அன்று ஆட்டத்தைப் பார்த்தபடி தயாராக இருந்தார்கள். ஒப்புதல் தர வேண்டிய ஓரியோ அதிகாரிகளும் கூடவே இருந்தார்கள். முந்தைய ஆண்டு, பிஸ்கட்டின் நூற்றாண்டையொட்டி, 100 நாள் தினமும் அன்றைய செய்தியை வைத்து ஒரு படம் வெளியிட்டுக் கை பழகியிருந்தார்கள். பெரிய நிறுவனங்களில் ஒரு வரி வெளியே போக நாலு மேசை தாண்ட வேண்டும். அந்த நாலு மேசையையும் ஒரே அறையில் போட்டதுதான் நடந்த புதுமை. அதே இருட்டில் ஆடி கார் நிறுவனமும் ஒரு குத்து விட்டது. அந்த மைதானத்துக்கு அப்போது மெர்சிடிஸ் பென்ஸ் பெயர். அங்கே கொஞ்சம் எல்இடி விளக்குகள் அனுப்பி வைக்கிறோம் என்றது ஆடி!

சரி, சொல்லுக்கு வருவோம்.

‘ரியல் டைம்’ கணினிக்காரர்களின் சொல். 1940களின் கடைசியில் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் வேர்ல்விண்ட் என்ற கணினியை உருவாக்கினார்கள். விமானப் பயிற்சிக்காகத் தொடங்கி, பிறகு வான் பாதுகாப்புக்குப் போன திட்டம் அது. எதிரி விமானம் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, விமானம் போன பிறகு சொல்லிப் பயனில்லை. நிகழ்வு நடக்கும் வேகத்திலேயே விடையும் வர வேண்டும். அந்த வேகத்துக்கு வைத்த பெயர் பின்னாளில் பங்குச்சந்தைக்கும் பரவி, கடைசியில் பிஸ்கட் வரை வந்திருக்கிறது. தமிழில் கணினிச் சொல்லாக ‘நிகழ்நேரம்’ நன்றாகவே ஊன்றிவிட்டது. ‘மெய்நேரம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது ரியல் என்ற சொல்லைப் பார்த்துப் பெயர்த்தது, பொருளைப் பார்த்து அல்ல.

‘மொமென்ட்’ இன்னும் பழையது. லத்தீனில் அசைதல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. தராசுத் தட்டை ஒரு பக்கம் சாய்க்கப் போதுமான சிறு அசைவு, சிறு துணுக்கு என்ற பொருளிலிருந்து, சிறு காலத் துணுக்கு என்று மாறியது. பழைய பொருள் இயற்பியலில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் நாம் ‘திருப்புத்திறன்’ என்று படித்தது இதே மொமென்ட்தான். ‘உந்தம்’ என்று படித்தது அதன் உடன்பிறப்பு. விளையாட்டில் மொமென்ட் என்று ரசிகர்கள் சொல்வதும் வெறும் நொடியை அல்ல, ஆட்டத்தைத் திருப்பிய நொடியை. தராசு இன்னும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

வணிகப் பேச்சுக்குள் இந்தச் சொல் வந்த வழி வேடிக்கையானது. ஸ்பெயின் காளைச் சண்டையில், வீரன் வாளோடு காளையின் கடைசிப் பாய்ச்சலை எதிர்கொள்ளும் கட்டத்துக்கு ‘உண்மையின் தருணம்’ என்று பெயர். ஸ்வீடனைச் சேர்ந்த நிர்வாக அறிஞர் ரிச்சர்ட் நார்மன் அதை எடுத்து, வாடிக்கையாளரும் ஊழியரும் நேருக்கு நேர் சந்திக்கும் நொடிக்கு வைத்தார். 1980களில் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனத்தின் தலைவராக இருந்த யான் கார்ல்சன் அதை உலகறியச் செய்தார். பயணியோடு ஊழியர் பேசுவது சராசரியாக 15 நொடி, கம்பெனியின் பெயர் அந்த 15 நொடியில்தான் நிற்கிறது அல்லது விழுகிறது என்பது அவர் வாதம். அப்புறம் பிராக்டர் அண்ட் கேம்பிள் அதைக் கடை அலமாரிக்குக் கொண்டுவந்தது, கூகுள் 2011இல் தேடல் பெட்டிக்குக் கொண்டுபோனது. காளை எப்போதோ காணாமல் போய்விட்டது.

பெயர்தான் புதிது, வேலை பழையது. இந்தியாவில் அதற்குச் சாட்சி அமுல் சிறுமி. 1966இல் சில்வெஸ்டர் டகுன்யா அமுல் வெண்ணெய்க்கான விளம்பரப் பொறுப்பை ஏற்றார். யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸ் அந்தப் புள்ளிப் பாவாடைச் சிறுமியை வரைந்தார். மும்பைத் தெருக்களில் வந்த ஆரம்பப் பலகைகளில் ஒன்றில் அவள் குதிரைமேல் இருப்பாள். சாதிக்குதிரையைக் குறிக்கும் ‘தரோபிரெட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ரொட்டியை, அதாவது பிரெட்டை, நுழைத்த சிலேடை அதன் வாசகம். ஆக, முதல் அடியிலேயே குதிரைப் பந்தயம் உள்ளே இருக்கிறது. அன்றன்றைய விஷயத்தை வைத்துப் பேசும் இதை அப்போது ‘டாபிக்கல்’ என்றார்கள். கையால் வரைந்து பலகையில் ஏற்றுவதற்குள் நாள்கள் ஓடிவிடும், ஆனாலும் பேச்சு அடங்குவதற்குள் வந்துவிடும். இன்று அவகாசம் சில நிமிடங்கள்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் உண்டு: தருணத்தை முன்கூட்டியே விலைக்கு வாங்குவது. ஐபிஎல்லின் தொடக்க ஆண்டுகளில் சிக்ஸர் போனால் வர்ணனையாளர், கட்டுமான நிறுவனமான டிஎல்எஃப்பின் பெயரைச் சேர்த்து, ‘டிஎல்எஃப் மேக்சிமம்’ என்பார். விக்கெட் விழுந்தாலோ முக்கியமான அடி விழுந்தாலோ ‘சிட்டி மொமென்ட் ஆஃப் சக்சஸ்’. மொமென்ட் என்ற சொல்லையே ஒரு வங்கி வாடகைக்கு எடுத்த காலம் அது. அதை மொமென்ட் மார்க்கெட்டிங் என்று சொல்லக் கூடாது. அது ஸ்பான்சர்ஷிப், தமிழில் விளம்பரதாரர் ஆதரவு. எப்போது நடக்கும் என்று தெரியாவிட்டாலும் நடக்கும் என்று தெரிந்து வாங்கியது. மின்வெட்டை யாரும் முன்பதிவு செய்ய முடியாது.

தமிழில் என்ன சொல்லலாம்? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தருணச் சந்தைப்படுத்தல்’. முதலில் பின்பாதியைப் பார்ப்போம். சந்தைப்படுத்தல் என்பது விலை வைப்பது, கடைகளுக்கு அனுப்புவது எல்லாம் அடங்கிய பெரிய சொல். இங்கே நடப்பது நடைமுறையில் விளம்பரம் மட்டும்தான். அதனால் விளம்பரம் என்றே வைத்துக்கொள்வது நல்லது. ‘விளம்பு’ என்றால் சொல் என்று பொருள். கன்னியாகுமரிப் பக்கம் சோறு விளம்புவார்கள், அங்கே பரிமாறுதல் என்று பொருள். சூடாகப் பரிமாறினால்தான் எடுபடும் ஒரு காரியத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

முன்பாதியில்தான் சிக்கல். ‘உடனடி விளம்பரம்’ என்றால் வேகம் மட்டும் வருகிறது, உடனடி இட்லி மாவு மாதிரி. ‘நேரலை விளம்பரம்’ என்றால் நேரலைக்கு இடையே வரும் விளம்பரம் என்று ஆகிவிடும். ‘நொடி விளம்பரம்’ அழகான சொல். நொடி என்பது விரலை நொடிக்கும் நேரம், இலக்கணத்தில் ஒரு மாத்திரையின் அளவு. ஆனால் படிப்பவர் ஒரு நொடி ஓடும் விளம்பரம் என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘செவ்வி’ நல்ல பழந்தமிழ்ச் சொல், ஏற்ற காலம் என்று பொருள். ஈழத்து ஊடகங்களில் அது பேட்டி என்ற பொருளில் நிலைத்துவிட்டதால் அங்கே குழப்பும். ரியல்டைமுக்கு ‘உடனுக்குடன்’ பொருந்தும். செய்தித் தொலைக்காட்சிகள் காதில் ஓதி ஓதிப் பழக்கிவிட்டன.

‘தருண விளம்பரம்’ தவறில்லை, நேரடியானது, பயன்படுத்தலாம். தருணம் வடமொழியில் இளமையைக் குறித்த சொல், தமிழுக்கு வந்து தக்க வேளை என்று ஆனது. ஆனால் என் ஓட்டு ‘சமயோசித விளம்பரம்’ என்பதற்குத்தான். இதுவும் வடமொழி வழி வந்ததுதான். சமயம், உசிதம் (பொருத்தம்) இரண்டும் சேர்ந்தது. சமயோசித புத்தி என்று சொல்லாத வீடு இல்லை. பேச்சுவழக்கில் அதன் பின்பாதி தேய்ந்து, சட்டென்று யோசிப்பது என்று மட்டும் சுருங்கிவிட்டது. மொமென்ட் என்ற ஆங்கிலச் சொல்லில் நேரம் மட்டும் இருக்கிறது, உசிதம் இல்லை. தொழிலில் சறுக்கியவர்கள் பெரும்பாலும் அந்தப் பின்பாதியில்தான் சறுக்கினார்கள்.

2014 உலகக் கோப்பைக் கால்பந்து இதற்கு ஒரு முழுப் பாடம். ஜூன் 16 அன்று அமெரிக்கா கானாவை 2-1 என்று வென்றது. டெல்டா விமான நிறுவனம் உடனே வாழ்த்துப் போட்டது: 2 என்ற எண்ணுக்குச் சுதந்திர தேவி சிலை, 1 என்ற எண்ணுக்கு ஒட்டகச்சிவிங்கி. கானாவின் காடுகளில் ஒட்டகச்சிவிங்கியே கிடையாது. ஆப்பிரிக்கா என்றாலே ஒட்டகச்சிவிங்கி என்று யாரோ அவசரத்தில் நினைத்திருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டுப் போட்ட ட்வீட்டிலும் எழுத்துப்பிழை. ஜூன் 29 அன்று நெதர்லாந்து மெக்சிகோவை வெளியேற்றியதும், டச்சு நிறுவனமான கேஎல்எம் விமான நிலையத்தின் புறப்பாடு பலகையில் மீசையும் அகலத் தொப்பியும் வைத்த ஓர் உருவத்தை வரைந்து, போய் வாருங்கள் நண்பர்களே என்று ஸ்பானிய மொழியில் வழியனுப்பியது. மெக்சிகோவில் கொதித்துப் போனார்கள். பதிவை நீக்க வேண்டியதாயிற்று. இரண்டு பதிவிலும் நேரம் கச்சிதம்.

நம் ஊரிலும் நடந்தது, செய்தது பிராண்ட் அல்ல, போலீஸ். 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதியாட்டத்தில் பாகிஸ்தானின் ஃபகர் ஜமான் 3 ரன்னில் இருந்தபோது பும்ரா பந்தில் கேட்ச் ஆனார். அது நோ-பால். அவர் பிறகு 114 அடித்தார், இந்தியா 180 ரன்னில் தோற்றது. ஜெய்ப்பூர் போக்குவரத்து போலீஸார், பும்ராவின் கால் கோட்டைத் தாண்டிய படத்தைப் போட்டு, கோட்டைத் தாண்டாதீர்கள் என்று விளம்பரப் பலகை வைத்துவிட்டார்கள். யோசனை பிரமாதம்தான், சிரிப்பும் வருகிறது. ஆனால் நாட்டுக்காக ஆடியதற்குக் கிடைக்கும் மரியாதை இதுவா என்று பும்ரா கேட்டார், போலீஸார் வருத்தம் தெரிவித்தார்கள். படத்தில் இருப்பவர் வலியில் இருக்கும் ஒரு மனிதர் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பக்கத்தில் நிற்கும் இரண்டு சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘நியூஸ்ஜாக்கிங்’ என்பது பரபரப்பான செய்தியின் மேல் தன் பேச்சை ஏற்றி அனுப்புவது. டேவிட் மீர்மன் ஸ்காட் 2011இல் பிரபலப்படுத்திய சொல். ‘செய்திக் கடத்தல்’ என்று பெயர்த்தால் சுங்கத்துறை வந்துவிடும். ‘செய்திச் சவாரி’ சரியாக இருக்கும். ‘ஆம்புஷ் மார்க்கெட்டிங்’ 1980களில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் ஜெர்ரி வெல்ஷ் வைத்த பெயர். போட்டிக்குக் காசு கொடுத்த ஸ்பான்சர் ஒருவர் இருக்க, கொடுக்காதவர் உள்ளே புகுந்து பெயரைத் தட்டிச் செல்வது. 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையில் அதிகாரபூர்வ பானம் கோக-கோலா, ஆனால் ‘இதில் அதிகாரபூர்வமாக எதுவுமில்லை’ என்ற பெப்சியின் கிண்டல்தான் நின்றது. இதைப் ‘பதுங்கு விளம்பரம்’ எனலாம். அதில் எதிராளி என்று ஒருவர் இருக்கிறார், திட்டமும் மாதக் கணக்கில் நடக்கிறது. சமயோசித விளம்பரத்துக்கு எதிராளி தேவையில்லை.

ஆனால் ‘வாழ்த்து விளம்பரம்’ என்று நாம் ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறோமே, அது எதில் சேரும்? ஃப்ளெக்ஸ் பேனர் கலாசாரத்தில் வளர்ந்த நமக்கு, வாழ்த்தப்படுபவரைவிட வாழ்த்துபவர் படம் பெரிதாக இருப்பது அதிசயமில்லை. 2021 ஆகஸ்ட் 1 அன்று பி.வி. சிந்து டோக்கியோவில் வெண்கலம் வென்றதும், அவரோடு எந்த ஒப்பந்தமும் இல்லாத பல பிராண்டுகள் அவர் பெயர், படம், பக்கத்தில் தங்கள் லோகோ என்று வாழ்த்துகளை அள்ளி வீசின. சிந்துவின் வணிக விவகாரங்களைக் கவனித்த பேஸ்லைன் வென்ச்சர்ஸ், இது அனுமதி இல்லாத விளம்பரம் என்று சட்ட நடவடிக்கையில் இறங்கியது. இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலும், ஒப்புதல் இல்லாமல் பிரபலங்களை விளம்பரத்தில் காட்டுவது தன் விதிகளுக்கு முரண் என்றது. ஆகவே பெயரும் படமும் லோகோவும் ஒரே பதிவுக்குள் இருந்தால், தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும், செய்தியில் அதை ‘வாழ்த்து’ என்று எழுதாமல் ‘விளம்பரம்’ என்றே எழுதலாம்.