மூச்சு விடும் குழல்

நார்வேயின் பெர்கன் நகரில் வாழும் வாசகர் ஒருவர், வேட்டைக்காரர்களுக்கான தேர்வில் தேறி, செப்டம்பர் 25 அன்று தொடங்கும் எல்க் (பெரிய மான்) வேட்டைக்கு முதன்முறையாகச் செல்லவிருப்பதாகவும், துப்பாக்கியில் பொருத்திக் குறி பார்க்கும் ஸ்கோப் ஒன்று வாங்கப் போனபோது கடைக்காரர் நைட்ரஜன் நிரப்பியதற்கு ஒரு விலையும் ஆர்கான் நிரப்பியதற்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலையும் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். மழையையும் குளிரையும் உண்மையில் தாங்குவது எது என்பது அவருடைய கேள்வி. நான் துப்பாக்கியைத் தொட்டவன் அல்லன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு வழியும் இல்லை. ஆனால் வால்பாறையின் ஆடி மழையில் உட்புறம் முழுவதும் ஆவி பூத்துப்போய், துடைக்கவும் வழியின்றி மூன்று நாள்கள் கழுத்தில் வெறும் சுமையாகத் தொங்கிய ஒரு பைனாகுலர் என்னிடம் உண்டு. இரண்டுக்கும் நோய் ஒன்றுதான்.

ஸ்கோப்பின் ஒளியியல் பள்ளிப் பாடத்தில் வரும் தொலைநோக்கியே: முன்னால் பொருளருகு லென்ஸ், பின்னால் கண்ணருகு லென்ஸ், இடையில் தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸ் தொகுதி, குறி பார்க்க ஒரு குறுக்கிழை. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் உதையில் இவை எதுவும் இம்மியும் நகரக் கூடாது. பெருவிலங்கு வேட்டைக்குச் செல்பவர் 100 மீட்டர் தொலைவில் 30 செ.மீ. வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளையும் செலுத்திக் காட்ட வேண்டும் என்ற தேர்வை நார்வே ஆண்டுதோறும் வைப்பதே, காயத்தோடு தப்பி ஓடும் விலங்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். உதையைத் தாங்கும் கட்டுமானத்தில் இன்றைய நல்ல தயாரிப்புகள் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. சிக்கல் ஈரத்தில் இருக்கிறது.

எவ்வளவு ஈரம் என்று கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு ஸ்கோப்பின் உள்ளே ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் காலி இடம் இருப்பதாகக் கொள்வோம். ஒரு டம்ளர் காப்பியின் அளவு. 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள சாதாரண அறைக் காற்று அதில் நிறைந்திருந்தால், அதிலுள்ள நீராவி ஒன்றரை மில்லிகிராம் தான். குழல் 12 டிகிரிக்குக் குளிர்ந்ததும் அந்தக் காற்று பனிநிலையை, அதாவது நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலையை, எட்டிவிடுகிறது. 0 டிகிரிக்கு வரும்போது அதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட நீராவி, சுமார் 0.8 மில்லிகிராம், தங்க இடமின்றி வெளியேறியாக வேண்டும். ஒரு சொட்டு நீர் 50 மில்லிகிராம் என்றால், இது சொட்டில் அறுபதில் ஒரு பங்கு. ஆனால் அது போய் உட்காருமிடம், திறந்த வானத்தைப் பார்த்து முதலில் குளிரும் பொருளருகு லென்ஸின் உட்புறம். 40 மி.மீ. விட்டமுள்ள அந்தக் கண்ணாடியில் சீராகப் பரவினால் அதன் தடிமன் ஒரு மைக்ரானில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சிவப்பு ஒளியின் அலைநீளம் அளவு. சீராகப் பரவினால் பார்வைக்குப் பெரிய இடையூறு இருக்காது. கண்ணாடியில் நீர் அப்படிப் பரவுவதில்லை, நுண்முத்துகளாகத் திரள்கிறது. ஒவ்வொரு முத்தும் ஒரு குட்டி லென்ஸாகி ஒளியை அதனதன் போக்கில் சிதறடிக்க, எல்க் நின்ற இடத்தில் வெண்மை மட்டுமே எஞ்சுகிறது.

இதற்கு மருந்து, உள்ளிருக்கும் ஈரக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, உலர்ந்த வாயுவை நிரப்பி மூடுவது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நில அளவைக் கருவிகளும் நீர்மட்டப் பதிவுக் கருவிகளும் செய்துகொண்டிருந்த லூப்போல்ட் நிறுவனம் 1947இல் நைட்ரஜன் நிரப்பிய ஸ்கோப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நைட்ரஜனைத் தேர்ந்தெடுத்ததில் மந்திரம் எதுவும் இல்லை. காற்றைத் திரவமாக்கிப் பிரித்தெடுப்பதால் அது சருகாக உலர்ந்திருக்கும், மலிவாகவும் கிடைக்கும், உள்ளிருக்கும் மசகை ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாக்காது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதானே? வேலை செய்வது வறட்சி. நைட்ரஜன் அந்த வறட்சியைச் சுமந்து வரும் வண்டி மட்டுமே. பெட்ரோல் பங்க்கில் சக்கரத்துக்கு நைட்ரஜன் அடித்துக்கொண்டு, வண்டியே மாறிவிட்டதாக மகிழும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆர்கானின் கதை இன்னும் வேடிக்கையானது. அதன் அணு பெரியது, ஆகவே கசியாது என்பார்கள். இடைவெளிகளில் நுழையும்போது கணக்கில் வரும் விட்டத்தைப் பார்த்தால் ஆர்கான் 0.34 நானோமீட்டர், நைட்ரஜன் 0.364. பெரியது நைட்ரஜன்தான்! எதிரியான நீர் மூலக்கூறோ 0.265 நானோமீட்டர்தான். அதைவிட முக்கியமானது, உள்ளே எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்பதை நீராவி பொருட்படுத்துவதே இல்லை. வெளியே தன் இனம் மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருந்தால் வழி கிடைத்த இடத்தில் நுழையும். பகுதி அழுத்தம் பற்றி டால்டன் சொன்ன விதி இதுதான். கூடுதல் விலை கொடுத்து ஆர்கான் வாங்குவதை, எலுமிச்சம்பழம் கட்டிய ஸ்கோப்பை வாங்குவதற்கு ஒரு படி மேல் என்று வேண்டுமானால் சொல்வேன்.

எனவே கேள்வி வாயுவைப் பற்றியதன்று, வழியைப் பற்றியது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். சற்றே கசியும் ஸ்கோப் ஒன்று, ஹீட்டர் ஓடும் காருக்குள் 25 டிகிரியில் இருக்கிறது. உள்ளிருக்கும் வாயு விரிந்து, சிறிது வெளியேறி, வெளிக்காற்றோடு சமநிலைக்கு வருகிறது. விடியலில் அதை எடுத்துக்கொண்டு 0 டிகிரியில், பனியும் மழையும் கலந்து பெய்யும் மலைச்சரிவில் இறங்குகிறோம். சார்லஸின் விதிப்படி உள்வாயு சுருங்கியாக வேண்டும். உலோகக் குழல் அதற்குத் தக்கபடி சுருங்காது. 25 டிகிரி என்பது கெல்வின் அளவில் 298. ஆகவே அழுத்தம் 298இல் 25 பங்கு, ஏறத்தாழ 8 சதவீதம் குறைகிறது. வளிமண்டலத்தின் 8 சதவீதம் என்பது 85 செ.மீ. நீர்த்தம்பத்தின் எடை. சூடான சாம்பாரை ஊற்றி இறுக மூடிய டப்பா, ஆறிய பின் திறக்க அடம்பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீராவி குளிர்ந்து நீராவதும் சேர்ந்துகொள்கிறது. ஸ்கோப்பைச் சுற்றி அந்நேரம் இருப்பதோ மழைநீர். தோளில் தொங்கியபடியே அது முக்கால் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் மூழ்கிய நிலைக்குப் போய்விடுகிறது. இணைப்பில் தேங்கிய நீரை உள்ளே இழுக்கிறது. மாலையில் கார் சூட்டில் மீண்டும் மூச்சு விடுகிறது, மறுநாள் மறுபடி இழுக்கிறது. வெளியேறுவது உலர்வாயு, நுழைவது ஈரம்.

ஐபிஎக்ஸ்7 என்ற தரக்குறி, ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கியதற்கு அடையாளம். எண்ணளவில் மேற்சொன்ன கணக்குக்கு அது போதும் என்று தோன்றும். ஆனால் அந்தச் சோதனையில் நீரின் வெப்பநிலை பொருளின் வெப்பநிலையிலிருந்து 5 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி. வெப்பம் மாறும்போதுதான் இந்த மூச்சு நடக்கிறது என்பதால், வேட்டைக்காரரின் தலையாய சிக்கல் சோதனைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

வழியை அடைப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். விசில் வராத குக்கரின் கேஸ்கெட்டை ஃப்ரீசரில் வைத்தெடுக்கும் வீடுகளில், குளிரில் ரப்பர் விறைப்பதை விளக்க வேண்டியதில்லை. விறைத்த வளையம் இடைவெளி சற்று மாறும்போது அதற்கேற்ப உடனே விரிந்து கொடுக்காது. 1986இல், ராக்கெட்டின் இணைப்பை அடைத்திருந்த இத்தகைய வளையம் குளிரில் விறைத்துச் சேலஞ்சர் விண்கலம் வெடித்த பின், விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ஃபைன்மன் ரப்பர்த் துண்டை ஐஸ் நீரில் முக்கிக் காட்டியதும் இதையே. ஏழு உயிர்கள் போன பிறகும், ரப்பர் வளைய ஆய்வுக்கு நிதி கேட்டுப் போகிறவருக்கு நாற்காலி கிடைப்பதே அரிது என்பது என் ஆதங்கம்.

ஆகவே, ஐயா, ஸ்கோப் வாங்கும்போது துளைகளை எண்ணுங்கள். ஜூம் வளையம் என்றால் அதை உள்ளே இணைக்கக் குழலில் ஒரு பிளவு; பக்கவாட்டுக் குமிழுக்கு ஒரு துளை; ஒளிரும் குறுக்கிழைக்கு பேட்டரி அறை. சுழலும் இடங்களில் வளையம் தேய்ந்துகொண்டே இருக்கும். ஒரே அலுமினியத் தண்டிலிருந்து கடைந்த குழல், மூடியுள்ள குமிழ்கள், மாறாத நான்கு மடங்கோ ஆறு மடங்கோ உருப்பெருக்கம்: நானாக இருந்தால் பணத்தை இதில்தான் போடுவேன்.

வாங்கியதும், நீர்புகாதது என்று உத்தரவாதம் உள்ளதாக இருந்தால், கை பொறுக்கும் சூடான நீரில் இரண்டு நிமிடம் முக்கிப் பிடியுங்கள். விரியும் வாயுவுக்கு வழியிருந்தால், ஒரே இடத்திலிருந்து குமிழிகள் கோர்த்தாற்போல் தொடர்ந்து எழும். குமிழ் மூடிகளுக்கடியில் சிக்கியிருந்த காற்றும் முதலில் சில குமிழிகளை விடும். அது கசிவன்று, மூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய ஸ்கோப்பாக இருந்தால், ஒரு ஐஸ் துண்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி முன் லென்ஸின் நடுவில் சில நிமிடங்கள் வைத்தெடுத்து, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே ரூபாய் நாணயம் அளவில் வெண்திட்டு ஒன்று தெரிந்தால், ஈரம் ஏற்கெனவே குடியேறிவிட்டது.