வேலிடிட்டி: செல்லுபடியா, கெடுவா?

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அத்தைக்கு வயது 78. பொத்தான் வைத்த பழைய கைப்பேசி ஒன்று வைத்திருக்கிறார். அவராக யாரையும் அழைப்பது அபூர்வம். மணி அடித்தால் எடுத்துப் பேசுவார். அந்தக் கைப்பேசி அவ்வப்போது ஊமையாகிவிடும். பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிப் பார்த்து, “வேலிடிட்டி முடிந்துவிட்டது பாட்டி” என்பான். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஊருக்குப் போயிருந்தபோது அத்தை என்னை உட்கார வைத்துக் கேட்டார்: “நான் அமாவாசைக்கு அமாவாசை நினைவு வைத்துப் பணம் கட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் அமாவாசை வருவதற்குள் நின்றுவிடுகிறது. இவர்கள் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார்கள்?”

கேள்வி நியாயமானது. ஓர் அமாவாசைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். சூரியனைக் கொண்டு எண்ணும் நம் மாதங்களில் மார்கழி 29 நாளுக்குச் சுருங்கும், ஆனி 32 நாள் வரை நீளும். ஆங்கில மாதங்களில் பிப்ரவரி ஒன்றுதான் 28 நாள். கைப்பேசி நிறுவனங்களின் நாட்காட்டியில் பன்னிரண்டும் பிப்ரவரி. 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364 வருகிறது. மாதம் ஒரு முறை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, வருஷத்தில் பதின்மூன்று முறை பணம் போகிறது. 56 நாள், 84 நாள் என்று விற்பவையும் இதே 28-ன் மடங்குகள்தாம்.

அத்தைக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. “வேலிடிட்டி என்றால் என்னடா அர்த்தம்?” என்ற அடுத்த கேள்விக்குத்தான் நான் தடுமாறினேன். ‘செல்லுபடி’ என்றேன். “ரூபாய் நோட்டுக்குச் சொல்வதா?” என்றார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

சொல்லின் ஊர் லத்தீன். ‘வலேரே’ என்ற வினைக்கு வலுவாக இருத்தல், நலமாக இருத்தல், மதிப்புப் பெற்றிருத்தல் என்று பொருள். அதிலிருந்து வந்த ‘வலிதுஸ்’, உடல் வலுவுள்ளவரைக் குறித்தது. ரோமானியர்கள் விடைபெறும்போது ‘வலே’ என்பார்கள். நலமாக இரு என்ற வாழ்த்து அது. மதிப்பைக் குறிக்கும் ‘வேல்யூ’, வேதியியலில் இணைதிறனைக் குறிக்கும் ‘வேலன்ஸி’ எல்லாம் இந்த வேரில் முளைத்தவை. ‘இன்வேலிட்’ என்பது ஆங்கிலத்தில் நோயாளிக்கும் பெயர், செல்லாத ஆவணத்துக்கும் பெயர். காயம்பட்ட படைவீரர்கள் தங்குவதற்காகப் பிரான்சின் பதினான்காம் லூயி 1670-ல் பாரிஸில் கட்டச் சொன்ன மாளிகைக்கு ‘லே இன்வாலித்’ என்று பெயர். நெப்போலியனின் கல்லறை இன்று அங்கேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் யாராவது எழுந்து ‘வல்’, ‘வலி’, ‘வலிது’ எல்லாம் தமிழ் அல்லவா, லத்தீனுக்கு நாம்தானே கொடுத்தோம் என்பார்கள். ஆசை புரிகிறது, சான்று இல்லை. லத்தீன் சொல்லின் உறவினர்கள் விளாதிமிர் என்ற ருஷ்யப் பெயர் வரை அந்தப் பக்கம் பரவியிருக்கிறார்கள். நம் ‘வல்’லின் உறவினர்கள் திராவிட மொழிகளில் இருக்கிறார்கள். இரண்டும் ஒலியிலும் பொருளிலும் ஒத்துப்போனது தற்செயல், அழகான தற்செயல். இலங்கையின் சட்டத் தமிழ் இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது: ‘வலிதான’, ‘வலிதற்ற’ என்று ஆவணங்களைப் பற்றி எழுதுகிறார்கள். நல்ல சொல்லாட்சி. தமிழ்நாட்டுக் காதுக்குத்தான் ‘வலி’ என்றதும் தைலம் நினைவுக்கு வருகிறது.

உடலின் வலு, பிறகு ஆவணத்தின் வலுவாயிற்று. சட்டத்தின் முன் நிற்கக்கூடிய பத்திரம் வலுவுள்ள பத்திரம். இது வரை சொல் ஒரு தன்மையைச் சொன்னது. நம் ஊர்க் கைப்பேசிக் கடையில் அது ஒரு கால அளவாகிவிட்டது. ‘வேலிடிட்டி எத்தனை நாள்?’ என்று கேட்கிறோம்; ‘வேலிடிட்டி போட்டுக் கொடுங்கள்’ என்கிறோம், ஏதோ சாம்பாரில் உப்புப் போடுவதுபோல.

இந்த மாற்றம் நிகழ்ந்த கதையைச் சொல்ல வேண்டும். இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவில் இருந்து டெல்லிக்குப் போனது. பேசியவர் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, கேட்டவர் மத்திய அமைச்சர் சுக்ராம். அந்தக் காலத்தில் அழைப்பவருக்கும் கட்டணம், எடுப்பவருக்கும் கட்டணம். வருகிற அழைப்பு இலவசமானது 2003-ல்தான். முன்பணம் கட்டிப் பேசும் முறை பரவியபோது நாம் இரண்டு பொருள்களைத் தனித்தனியாக வாங்கினோம்: பேசுவதற்கான காசு டாக்டைம், அந்தக் காசு உயிரோடு இருப்பதற்கான நாள் வேலிடிட்டி. அட்டையின் சாம்பல் நிறப் பூச்சை நாணயத்தால் சுரண்டினால் எண் தெரியும். அதற்கு யாரும் ‘சுரண்டல் அட்டை’ என்று தமிழில் பெயர் வைத்து ஊன்றவில்லை. வைத்திருந்தால் நிறுவனங்கள் வழக்குப் போட்டிருக்கும்.

2005-ன் கடைசியில் ‘லைஃப்டைம் வேலிடிட்டி’ வந்தது. ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவாகக் கட்டினால் ஆயுள் முழுக்க அழைப்பு வரும் என்றார்கள். யாருடைய ஆயுள்? கட்டியவர்கள் தங்கள் ஆயுள் என்றே நினைத்தார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் அடுத்த ஆண்டு விளக்கிய பிறகுதான் தெரிந்தது, அது நிறுவனத்தின் உரிமம் நீடிக்கும் வரைக்குமான ஆயுள் என்று. அதிலும் பல திட்டங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை குறிப்பிட்ட தொகை போட்டால்தான் ஆயுள் நீடிக்கும். தவணையில் கட்டுகிற ஆயுள்.

2018 இறுதியில் அதுவும் முடிந்தது. 28 நாளுக்கு ஒரு முறை குறைந்தது 35 ரூபாய் கட்டாவிட்டால் சேவை நிற்கும் என்று பெரிய நிறுவனங்கள் அறிவித்தன. கணக்கில் பணம் வைத்திருப்பவரையும் துண்டிப்பதா என்று ட்ராய் தலையிட்டதில் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது, ஆயுள் திரும்பக் கிடைக்கவில்லை. 2022 ஜனவரியில் இன்னோர் ஆணை: ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லும் திட்டமும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கிற திட்டமும் குறைந்தது ஒவ்வொன்றாவது வைத்திருக்க வேண்டும். ஒரு மாதம் என்பது ஒரு மாதமாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு இந்த நாட்டில் அரசு ஆணை தேவைப்பட்டிருக்கிறது. கடைக்காரர் தாமாக நீட்டுவது இன்னும் 28-ஐத்தான். 30 வேண்டுமென்றால் நீங்கள் கேட்க வேண்டும்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். அகராதி தரும் நேர்ச்சொல் செல்லுபடி. இதன் வேர் ‘செல்’. போவது செல்வது, கைமாறிப் போகிற காசு செல்லும் காசு, யாரும் வாங்காமல் நின்றுவிட்டால் செல்லாக்காசு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது ‘இன்வேலிட்’ என்ற சொல்லை ஊரில் யாரும் தேடவில்லை. ‘செல்லாது’ என்ற நான்கெழுத்து எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. வாக்கு எண்ணும் இடத்தில் செல்லாத ஓட்டு. எவருடைய வாக்கு நாலு இடத்தில் செல்கிறதோ அவருக்குச் செல்வாக்கு. செலவும் இதே வேர்தான். பழந்தமிழில் அதற்குப் பயணம் என்று பொருள். பொருள் தேடிப் புறப்பட்ட தலைவன் மனம் மாறி நின்றுவிடுவதற்குச் ‘செலவழுங்குதல்’ என்று பாலைத்திணையில் ஒரு துறையே உண்டு. இந்தக் காலத்தில் ரீசார்ஜைத் தள்ளிப்போடுவதையும் செலவழுங்குதல் எனலாம், பேராசிரியர்கள் மன்னிப்பார்களானால்.

பின்னொட்டாக நிற்கும் ‘படி’யையும் பாருங்கள். செல்லுபடி, தள்ளுபடி, வரும்படி, குளறுபடி. ஒரு கைப்பேசி நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இந்த நான்கு சொல்லில் எழுதிவிடலாம். ஐந்தாவதாக நம் பக்கத்துச் சொல் ஒன்று இருக்கிறது: கட்டுப்படியாகவில்லை.

‘செல்’ என்று நாம் கைப்பேசியைச் சொல்வது வேறு கதை. அது சிற்றறையைக் குறிக்கும் லத்தீன் ‘செல்லா’விலிருந்து வந்தது, அலைக்கோபுரங்களின் பரப்பைத் தேன்கூட்டின் அறைகள்போலப் பிரிப்பதால் வந்த பெயர். போய்க்கொண்டே பேசுவதால் ‘செல்பேசி’ என்பது தமிழிலும் பொருந்திக்கொண்டது. ஆகவே வேலிடிட்டி முடிந்த கருவியைச் செல்லாத செல் என்று சொன்னால் இலக்கணம் தடுக்காது.

காலாவதி என்ற சொல்லும் களத்தில் இருக்கிறது. காலம், அவதி என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது. வடமொழியில் ‘அவதி’ என்றால் எல்லை. மலையாளிகள் அதை விடுமுறைக்கு வைத்துக்கொண்டு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். தமிழில் அதற்குத் துன்பம் என்ற பொருளும் வந்து சேர்ந்தது. எல்லை முடிந்த மருந்து காலாவதியான மருந்து. மென்பொருளுக்கும் இது ஓரளவு பொருந்தும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. கணினி ஓடுகிறது, ஆனால் புதிய ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. மருந்துபோலவே, உள்ளே ஏதோ பழுதாவதற்கு இடம் இருக்கிறது.

ரீசார்ஜில் அப்படி எது பழுதாகிறது? ஒரு நாளைக்கு 1.5 ஜிபி வாங்கி முக்கால் ஜிபி செலவழித்தால், மீதி நள்ளிரவில் காணாமல் போகிறது. அது பால் இல்லை, திரிவதற்கு. மாத்திரை இல்லை, வீரியம் குறைவதற்கு. யாரோ ஒருவர் இந்த நேரத்தோடு சரி என்று முடிவு செய்திருக்கிறார். காலாவதி என்றால் தானாக நடந்ததுபோல் ஒலிக்கிறது. வேலிடிட்டி என்றால் பொருளின் இயல்பே அப்படி என்பதுபோல் ஒலிக்கிறது. இரண்டு சொல்லும் முடிவு செய்தவரை மறைத்துவிடுகின்றன.

மறைக்காத சொல் ஒன்று நம்மிடம் உண்டு: கெடு. கடன் கொடுத்தவர் கெடு வைப்பார். வீட்டுக்காரர் காலி செய்யக் கெடு கொடுப்பார். கெடு என்று சொன்னவுடன் வைத்தவர் யார் என்ற கேள்வி கூடவே வந்து நிற்கும். தவணை சற்று மென்மையானது, பேசிப் பெற்றது. வாய்தா நீதிமன்றத்துக்குப் போய்விட்டது; அரபியிலிருந்து வந்து, வக்கீல்களிடம் சிக்கிக்கொண்ட சொல். கைப்பேசிக்குக் கெடுதான் பொருத்தம், ஒரே ஒரு விந்தையைத் தவிர: மற்ற இடங்களில் பணம் தர வேண்டியவருக்குக் கெடு வைப்பார்கள், இங்கே முன்கூட்டியே பணம் கொடுத்தவருக்கு வைக்கிறார்கள். எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், வருகிற குறியீட்டுக்கும் தமிழ்நாட்டில் நான்கு நாள் கெடு.

என் பரிந்துரை இது. தன்மையைச் சொல்லும்போது செல்லுபடி போதும், அதைவிட வினையாகச் சொல்வது நல்லது. ‘இந்தச் சீட்டின் செல்லுபடித்தன்மை ஒரு நாள்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. ‘இந்தச் சீட்டு இன்று மட்டும் செல்லும்’ என்றால் என்ன குறைந்துவிடும்? படிவங்களில் பெயர்ச்சொல் வேண்டும் என்றால் ‘செல்லுங்காலம்’ என்று போடலாம். கைப்பேசித் திட்டத்துக்கு மட்டும் கெடு என்றே எழுத வேண்டும்: ‘28 நாள் கெடு, 299 ரூபாய்’ என்று கடை வாசலில் ஒரு பலகை தொங்கட்டும். எந்த விளம்பரத் துறையும் ஒப்புக்கொள்ளாது என்று தெரியும்.

இணையம் இல்லாமல், பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டும் தனித் திட்டம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் விதி செய்தது. அத்தகைய சிறப்புத் திட்டங்களின் உச்ச வரம்பும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்ந்தது. பொத்தான் கைப்பேசிக்காரர்களுக்கு அது நல்ல செய்தி. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அத்தையைக் கடைக்கு அழைத்துச் சென்றேன். கடைக்காரர் வருஷத்துக்கு ஒரே தடவை கட்டுகிற திட்டத்தை எடுத்துச் சொன்னார். அத்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “என் வேலிடிட்டி அவ்வளவு நாள் இருக்கிறதா என்று முதலில் பார், தம்பி” என்றார். 84 நாளுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் தினசரி நாட்காட்டியில் நாள் எண்ணி, ஒரு தாளின் ஓரத்தை மடித்து, பென்சிலால் ‘போன் கெடு’ என்று எழுதிவைத்தார். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.