எமுலேட்டர்: போலியா, நிகரியா?

சோனியின் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷனுக்காக எழுதிய விளையாட்டு மேக் கணினியில் ஓடாது. சிப்பு வேறு, சிப்புக்குப் புரியும் கட்டளையும் வேறு. நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்து பிளேஸ்டேஷன் பார்க்கும் வேலையையெல்லாம் தானே பார்த்தால், விளையாட்டு தன் வீட்டில் இருப்பதாகவே நினைத்து ஓடும். அந்த மென்பொருள்தான் எமுலேட்டர்.

வேர் லத்தீன். 'ஏமுலஸ்' என்றால் போட்டியாளன், ஒருவனுக்கு ஈடாக வரத் துடிப்பவன். கணினிக்குள் இந்தச் சொல் 1960களில் ஐபிஎம் என்ற கணினி நிறுவனம் வழியாக நுழைந்தது. 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசை இயந்திரங்கள், அதே நிறுவனத்தின் பழைய 1401 கணினிக்கு எழுதிய நிரல்களை ஓட்டிக் காட்டின. 'பழைய நிரலைத் தூக்கிப்போட வேண்டாம், புது இயந்திரத்துக்கு வாருங்கள்' என்று வாடிக்கையாளரை இழுக்க அது உதவியது. விற்பனைக்குக் கைகொடுத்த சொல் வழக்குமன்றப் படி ஏறியது பிற்பாடுதான்.

தமிழில் சட்டென்று வாயில் வருவது 'போலி'. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடைத்தெருவில் போலி என்றால் கள்ளச்சரக்கு. இலக்கண வகுப்பிலோ நிலம் 'நிலன்' ஆவதும், பந்தல் 'பந்தர்' ஆவதும் போலி. எழுத்து மாறியும் பொருள் மாறாது. எமுலேட்டர் செய்வது அச்சு அசல் இதைத்தான்: இயந்திரம் மாறும், விளையாட்டு மாறாது. நிறுவனங்கள் கடைத்தெருப் பொருளில் வாதாடுகின்றன, நிரலர்கள் இலக்கணப் பொருளில்.

1999 ஜனவரியில் கனெக்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மேக்குக்கு ஒரு பிளேஸ்டேஷன் எமுலேட்டரை வெளியிட்டது. அதே மாதம் சோனி வழக்குப் போட்டது. கனெக்டிக்ஸ் பொறியாளர்கள் ஒரு பிளேஸ்டேஷனை வாங்கி, உள்ளிருந்த பயாஸ் நிரலை (இயந்திரம் விழித்ததும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) படியெடுத்து, அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தங்கள் பயாஸை எழுதியிருந்தார்கள். விற்ற பொருளில் சோனியின் நிரல் இல்லை. ஆராய்வதற்காக இடையில் எடுத்த படி நியாயமான பயன்பாடே, பதிப்புரிமை மீறல் அல்ல என்று 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, தோற்ற சோனி என்ன செய்தது? 2001இல் அந்த மென்பொருளையே விலைக்கு வாங்கி, விற்பனையை நிறுத்திவிட்டது! பிளீம் என்ற இன்னொரு எமுலேட்டர் நிறுவனமும் சோனியை எதிர்த்து மேல்முறையீட்டில் ஜெயித்தது. வழக்குச் செலவு தாங்காமல் அதே 2001இல் கடையைச் சாத்தியது.

இருபது ஆண்டுக்கு மேல் கழித்து, ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியை விற்கும் நிண்டெண்டோ வேறு கதவைத் தட்டியது. 2024 பிப்ரவரி 26 அன்று, ஸ்விட்ச் எமுலேட்டரான யூசுவை உருவாக்கியவர்கள் மீது வழக்கு. 'எங்கள் நிரலைத் திருடினார்கள்' என்பதைவிட 'எங்கள் பூட்டை உடைக்கிறார்கள்' என்பதே முக்கிய வாதம். ஸ்விட்ச் விளையாட்டுகள் குறியாக்கம் செய்யப்பட்டவை, அதாவது சாவி எனும் ரகசிய எண் இல்லாமல் படிக்க முடியாதவை. யூசு சாவியைத் தருவதில்லை, பயனரே கொண்டுவர வேண்டும். ஆனால் சாவியைப் போட்டுத் திறப்பது யூசுதான். பூட்டை மீறுவதைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் இங்கே கைகொடுத்தது. மார்ச் 4 அன்றே யூசு தரப்பு 24 லட்சம் டாலர் தரச் சம்மதித்து ஒதுங்கிக்கொண்டது. வாதப் பிரதிவாதம் கேட்டு நீதிபதி எழுதிய தீர்ப்பு எதுவும் இல்லை. என் கணிப்பில் நிண்டெண்டோவுக்கு இதுதான் பெரிய லாபம்: கனெக்டிக்ஸுக்குக் கிடைத்தது போன்ற தீர்ப்பு வரும் ஆபத்தே எழவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ரியூஜின்க்ஸ் என்ற இன்னொரு ஸ்விட்ச் எமுலேட்டர், நிண்டெண்டோ நடத்திய ஓர் ஒப்பந்தப் பேச்சோடு நின்றுபோனது. அதற்கு வழக்குகூடத் தேவைப்படவில்லை.

பெயருக்கு வருவோம். 'போலி' என்று வைத்தால் வழக்கு தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதியாகிவிடும். 'பாவனை' சிமுலேட்டருக்குப் பொருந்தும். விமானம் ஓட்டப் பழகும் சிமுலேட்டரில் ஏறி யாரும் மதுரைக்குப் போய்ச் சேர்வதில்லை. எமுலேட்டரில் விளையாட்டு நிஜமாகவே ஓடுகிறது. ஆகவே என் தேர்வு 'நிகரி'. லத்தீன் வேரில் உள்ள 'ஈடாக நிற்றல்' இதில் இருக்கிறது, 'மெய்நிகர்' ஏற்கெனவே பழகிய சொல். 'ஸ்விட்ச் நிகரி', 'பிளேஸ்டேஷன் நிகரி' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறவில்லை.