அல்லேலூயா: ஒரு சொல்லுக்குள் ஒரு வாக்கியம்

'அல்லேலூயா' என்பதை மகிழ்ச்சியில் எழும் ஒரு முழக்கமாகவே நம்மில் பெரும்பாலோர் அறிந்திருக்கிறோம். எபிரேய மொழியின் இலக்கணப்படி பார்த்தால் அது வினையும் செயப்படுபொருளும் கொண்ட முழுமையான ஏவல் வாக்கியம். 'ஹல்லெலூ' என்றால் 'துதியுங்கள்'. 'யாஹ்' என்பது இறைவனின் பெயர்.

தமிழில் 'துதி' என்ற பகுதியோடு 'உங்கள்' என்ற விகுதியைச் சேர்த்துப் பலரை ஏவுகிறோம். எபிரேயமும் இறுதியில் 'ஊ' என்ற விகுதியைச் சேர்த்தே பன்மையைக் காட்டுகிறது. ஆனால் அதன் வேர் அமையும் விதம் வேறு. ஹ், ல், ல் என்ற மூன்று மெய்களே இங்கு வேர். அவற்றுக்கிடையே உயிர்களை மாற்றி மாற்றிப் பெய்தும், முன்னும் பின்னும் ஒட்டுகளைச் சேர்த்தும் அம்மொழி சொற்களை உருவாக்குகிறது. அதே வேரிலிருந்து 'தெஹில்லா', அதாவது புகழ்ச்சி, என்ற சொல் பிறந்தது. நாம் சங்கீதம் என்றும் திருப்பாடல்கள் என்றும் சொல்லும் நூலுக்கு யூதர்கள் வழங்கும் 'தெஹில்லீம்' என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது. எபிரேயத்துக்கு உறவான பழைய அக்காடிய மொழியில் 'அலாலு' என்பது மகிழ்ச்சிக் குரலையும், வேலை செய்வோர் பாடும் பாட்டின் பல்லவியையும் குறித்தது. இந்த வேர் மனிதரின் ஆரவார ஒலியிலிருந்தே தோன்றியிருக்கலாம் என்று மொழியியலாளர் சிலர் கருதுகின்றனர். குலவையிடும் ஓசையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரே மெய் நாவில் திரும்பத் திரும்ப உருளும் அந்த வேர் அந்நியமாகத் தோன்றாது.

ஏவல் பன்மையில் இருப்பதற்கு வழிபாட்டு முறையே விளக்கம் தருகிறது. ஒருவர் பாட, கூட்டம் பதிலுரைக்கும் முறை பண்டைய யூத வழிபாட்டில் இருந்தது. பஸ்கா போன்ற திருநாள்களில் ஓதப்படும் 113 முதல் 118 வரையிலான சங்கீதங்களுக்கு 'ஹல்லேல்' என்றே பெயர். அதை ஒருவர் சொல்லச் சொல்ல, மக்கள் ஒவ்வொரு தொடருக்கும் 'ஹல்லெலூயாஹ்' என்று மறுமொழி கூறுவர் என்றும், இவ்வாறு மொத்தம் 123 முறை கூறுவர் என்றும் 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிதீஸ் பதிவு செய்திருக்கிறார். எபிரேய வேதாகமத்தில் இச்சொல் சங்கீதங்களில் மட்டுமே, 24 முறை வருகிறது. கடைசிச் சங்கீதமான 150இல், ஆறே வசனங்களுக்குள் அதன் வேர் 13 முறை ஒலிக்கிறது. வாய்விட்டு வாசித்தால் பறை முழங்குவது போன்ற தாளம் கேட்கும்.

சொல்லின் பிற்பாதியான 'யாஹ்', யூதர்கள் வாயால் உச்சரிக்காத நான்கெழுத்துத் திருப்பெயரின் குறுக்கம். தமிழ் வேதாகமம் வாசிப்போர் அதைப் பல பெயர்களின் ஈற்றில் ஏற்கெனவே சந்தித்திருக்கிறார்கள். எலியா என்றால் 'என் கடவுள் யாஹ்'. சகரியா என்றால் 'யாஹ் நினைவுகூர்ந்தார்'. நெகேமியா என்றால் 'யாஹ் ஆறுதல் அளிக்கிறார்'. இப்பெயர்களின் இறுதி 'யா'வும் அல்லேலூயாவின் இறுதி 'யா'வும் ஒன்றே. திருப்பெயரின் பகுதி அதில் உறைவதால், இது ஒரே சொல்லா இரண்டு சொற்களா, பிரித்து எழுதலாமா என்று, யூதச் சமயச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூது உருவான காலத்து ரபிகள், அதாவது யூதச் சமய ஆசான்கள், விவாதித்தனர். இன்றும் சமயப் பற்றுமிக்க யூதர் சிலர், வழிபாட்டுக்கு வெளியே பேசும்போது ஹகரத்தைக் ககரமாக மாற்றி 'ஹலெலூகா' என்றே சொல்வர்.

இனி, நாம் அதை ஒலிக்கும் விதத்தைக் கவனிப்போம். எனக்கு இதில் மிகவும் வியப்பூட்டும் பகுதி இதுதான். கி.மு. காலத்திலேயே எபிரேயத் திருநூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், இச்சொல்லை ஒலிபெயர்ப்பாக 'அல்லேலூயா' என்று எழுதினர். கிரேக்க நெடுங்கணக்கில் ஹகரத்துக்குத் தனியெழுத்து இல்லாததால் முதலிலும் இறுதியிலும் இருந்த 'ஹ்' எழுத்தில் விடுபட்டது. இலத்தீன் வடிவத்திலும் முதலில் ஹகரம் இல்லை. கிரேக்க எழுத்துக்கூட்டலில் இரட்டை லகரமும் அதையடுத்து 'ஏ' நெடிலும் உள்ளன. ஆனால் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கலிலேயக் கடலோர நகரான திபேரியாவில் எபிரேய உச்சரிப்புக்குப் புள்ளிக் குறியீடுகளை வகுத்த மசோரெத் அறிஞர்களின் பாடத்தில் அந்த லகரம் இரட்டிக்கவில்லை. அதன்மேல் நின்ற உயிரும் மிகக் குறுகிவிட்டது. இறுதி ஹகரத்தை விழுங்காமல் ஒலிக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் அந்த எழுத்துக்குள் ஒரு புள்ளியையும் இட்டனர். தமிழின் 'ல்லே' என்ற அழுத்தமும் நெடிலும், ஈற்றில் ஹகரம் இல்லாமையும் அந்தக் கிரேக்க வடிவத்தோடு பொருந்துகின்றன.

பெயர்க்க இயலாமல்தான் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் ஒலிபெயர்த்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சங்கீதம் 135இன் தொடக்கத்தில் இச்சொல்லை அப்படியே விட்ட கிரேக்க மொழிபெயர்ப்பு, மூன்றாம் வசனத்தில் அதே எபிரேயத் தொடர் மீண்டும் வரும்போது 'கர்த்தரைத் துதியுங்கள்' என்று பொருள்படப் பெயர்த்திருக்கிறது. பொருள் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கூட்டம் முழங்கும் குரலாக நின்ற இடத்தில் ஒலியைக் காத்தார்கள், பாட்டின் வாக்கியத்துக்குள் காரணத்தோடு இணைந்து வந்த இடத்தில் பொருளைத் தந்தார்கள் என்றே நான் கருதுகிறேன். புதிய ஏற்பாட்டில் இச்சொல் வெளிப்படுத்தின விசேஷம் 19ஆம் அதிகாரத்தில் மட்டும், நான்கு முறை வருகிறது. அங்கும் அது பரலோகத்தில் திரண்ட கூட்டத்தின் குரலே. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் சங்கீதங்களில் இதை மொழிபெயர்த்துவிட்டது. நம் பழைய தமிழ் வேதாகமமோ 135ஆம் சங்கீதத்தைத் தொடங்கும்போது 'அல்லேலூயா' என்றும், மூன்றாம் வசனத்தில் 'கர்த்தரைத் துதியுங்கள்' என்றும், அந்தக் கிரேக்க மொழிபெயர்ப்பு செய்ததைப் போலவே செய்திருக்கிறது.