டிலே: தாமதம் அன்று, எதிரொலி

கிட்டாரில் ‘டிலே’ என்பது, வாசித்த சுரம் ஒலித்தபின் அதன் நகல் சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்பது. தள்ளிப்போடுதல் என்னும் பொருளில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. இந்த ஒலியைத் தரும், காலால் மிதித்து இயக்கும் பெட்டியை (பெடல்) அப்படியே ‘தாமத மிதி’ என்று எழுதினால் பிழை. மூல ஒலி உடனே வெளியேறிவிடுகிறது. பின்தங்குவது நகல் மட்டும். ஆகவே ‘எதிரொலி மிதி’ என்பதே சரி.

மலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கொடைக்கானலின் 15 பாகைக் குளிரில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். வட்டக்கானல் சரிவில் 85 மீட்டர் எதிரே பாறை இருந்தால், போய்வர 170 மீட்டர், அரை நொடி. மிதியில் அது 500 மில்லிநொடி. 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) தாளத்தில் ஒரு தட்டுக்கும் இதே நேரம்தான். 60,000-ஐ பிபிஎம்மால் வகுத்தால் எந்தப் பாட்டுக்கும் கணக்கு வந்துவிடும். முக்கால் தட்டு வேண்டுமென்றால் 45,000-ஐ வகுக்க வேண்டும்: 120-க்கு 375 மில்லிநொடி.

ரிவெர்ப் வேறு. பல பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒலிகள், காது பிரித்தறிய முடியாதபடி நெருங்கிக் கலப்பது அது. பாடநூல்கள் தரும் ‘எதிர்முழக்கம்’ என்ற சொல்லே போதும். இரண்டையும் ‘எக்கோ’ என்று ஒன்றாக்கக் கூடாது.

ஃபீட்பேக் குமிழுக்குத்தான் நல்ல சொல் தேவை. வெளிவந்த நகலில் ஒரு பங்கை மறுபடி உள்ளே அனுப்புவது அதன் வேலை. ‘சிலம்பல்’ எனலாம். பழந்தமிழில் சிலம்பு என்றால் ஒலியும் உண்டு, மலையும் உண்டு. குறிஞ்சித் தலைவனுக்குச் சிலம்பன் என்றே பெயர். சிலம்பலை மிகக் கூட்டினால் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட வலுத்து, கையை எடுத்த பிறகும் ஊளை ஓயாது. குமிழைக் குறைத்தால்தான் அடங்கும்.

அனலாக் மிதியில் (ஒலியை எண்களாக மாற்றாதது) நகல்கள் மங்கிக்கொண்டே போவதற்கும் காரணம் உண்டு. 1969-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்த பக்கெட் பிரிகேட் சிப், தீயணைக்க வரிசையில் நின்று வாளி கைமாற்றுவதுபோல் மின்னூட்டத்தைக் கட்டம் கட்டமாகக் கடத்தும். நேரம் நீள வேண்டுமானால் கடிகாரத் துடிப்பு மெதுவாக வேண்டும். அப்போது இரைச்சல் ஏறும், அதை மறைக்க உச்ச ஒலிகளை வடிகட்டுவார்கள். 1981-இல் வந்த பாஸ் டிஎம்-2 என்ற அனலாக் மிதி சுமார் 300 மில்லிநொடியோடு நின்றதும் இதனால்தான். அந்த மங்கலே பலருக்கு விருப்பம், மூல சுரத்தை மறைக்காது என்பதால்.

டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் மிதி) முன்னே, எதிரொலி பின்னே இருக்கட்டும். மாற்றினால் சுரமும் நகல்களும் ஒன்றாக நசுங்கிச் சேறாகும். டிஸ்டார்ஷன் ஆம்ப்பிலேயே (கிட்டார் ஒலிபெருக்கியிலேயே) என்றால், எதிரொலி மிதியை அதன் எஃபெக்ட்ஸ் லூப்பில், அதாவது டிஸ்டார்ஷனுக்குப் பின் மிதிகளை இணைக்கும் துளைகளில், செருக வேண்டும். டிஜிட்டல் மிதியை மற்றவற்றோடு ஒரே அடாப்டரில் கோத்தால் கீச்சொலி வரலாம். தனித்தனி வெளியீடுள்ள பவர் சப்ளை தேவை. மூடுபனியில் நனைந்து வந்த மிதியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் இயக்காதீர்கள்: உள்ளே நீர் பூத்திருக்கும். ஜாக்குகள் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைப் பலமுறை செருகி எடுங்கள்.