எக்ஸிகியூட்டபிள் ஃபைல்: தமிழில் இயங்குகோப்பு

கணினியில் உள்ள கோப்புகளில் பெரும்பாலானவை படிக்க, பார்க்க, கேட்க உரியவை. ஒரு வகை மட்டும் திறந்த உடனே வேலை செய்யத் தொடங்கிவிடும். அதுதான் எக்ஸிகியூட்டபிள் ஃபைல். விண்டோஸில் கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து வரும் 'எக்ஸி' இதன் சுருக்கம்.

'எக்ஸிகியூட்' என்பதன் வேர் இலத்தீன். கடைசிவரை பின்தொடர்தல் என்பது அங்கே அதன் பொருள். ஆணையை நிறைவேற்றுதல், மரண தண்டனையை நிறைவேற்றுதல் என்ற பொருள்கள் அதிலிருந்து கிளைத்தன. கணினித் துறையில் அது கட்டளைகளை வரிசையாகச் செய்து முடிப்பதைக் குறிக்கிறது. 'ஃபைல்' என்பதும் இலத்தீன் வழிச் சொல்தான். நூல் என்று பொருள்படும் 'ஃபீலும்' அதன் மூலம். தாள்களை நூலில் கோத்து வைத்த காலத்துச் சொல் அது. நம் 'கோப்பு' என்ற சொல்லோ 'கோ' என்னும் வினையில் பிறந்தது. இதைவிடப் பொருத்தமான இணை எங்கே கிடைக்கும்!

முதற்பாதிக்குத்தான் தமிழில் இழுபறி. 'செயல்படுத்தத்தக்க கோப்பு' பொருளில் சரி, ஆனால் நாவுக்குச் சுமை. 'இயக்குகோப்பு' என்றால் அது வேறொன்றை இயக்குவதாக ஆகிவிடும். அச்சுப்பொறி போன்ற கருவிகளைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருளான டிரைவருக்கு ஏற்கெனவே 'இயக்கி' என்ற பெயரும் இருக்கிறது. ஆகவே என் தேர்வு 'இயங்குகோப்பு'. 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்' என்பதற்கான 'இயங்குதள'த்தோடு அது இயல்பாகச் சேர்ந்தும் போகிறது. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: இயங்கிய, இயங்குகிற, இயங்கும் கோப்பு. ஐயத்துக்குரிய ஒரு கோப்பை நீக்க முனைபவர் கேட்க வேண்டிய கேள்விகளும் இந்த மூன்று காலங்கள்தாம்.

முதலில், அது இயங்குகோப்புதானா? கோப்பின் படவுருவை (ஐகானை) நம்பக் கூடாது. பிடிஎஃப் படவுருவை எந்த நிரலுக்கும் ஒட்டிவிடலாம். விண்டோஸ் வழக்கமாகப் பெயரின் கடைசியில் வரும் வகைக்குறியான பின்னொட்டை மறைத்தே காட்டுவதால், 'பில்.பிடிஎஃப்.எக்ஸி' என்ற கோப்பு 'பில்.பிடிஎஃப்' என்றுதான் கண்ணில் படும். 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' என்ற, தானே பரவும் கணினிப் புழு, எக்ஸியாக இல்லாவிட்டாலும், இந்த மறைப்பைத்தான் பயன்படுத்தியது. பின்னொட்டைக் காட்டும்படி அமைப்பை மாற்றுவதே முதல் வேலை. உள்ளே பார்த்தால் உண்மை தெரியும்: விண்டோஸ் இயங்குகோப்பின் முதல் இரண்டு எழுத்துகள் எம், இசட். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் இந்த வடிவத்தை அமைத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் (Mark Zbikowski) பெயரெழுத்துகள் அவை.

அடுத்து இருப்பிடம். 'எஸ்விசிஹோஸ்ட்' விண்டோஸின் சொந்தக் கோப்பு; சிஸ்டம்32 என்ற உறையில் (ஃபோல்டரில்) இருக்கும். அதே பெயர் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் உறையில் தென்பட்டாலோ, எழுத்து இடம் மாறி 'எஸ்சிவிஹோஸ்ட்' என்று வந்தாலோ ஐயப்படுங்கள். ஆனால் ஐயம் தீர்ப்பு ஆகாது. 2002இல் கரடிப் படம் கொண்ட ஒரு கோப்பு வைரஸ் என்று மின்னஞ்சல் பரவியது. அது விண்டோஸின் நல்ல கோப்பு. பலர் நம்பி அழித்தார்கள். அழிக்கும் முன் பல வைரஸ் தடுப்பு நிரல்களால் கோப்பை ஆராயும் வைரஸ்டோட்டல் போன்ற இணையச் சேவையில் சோதிப்பது நல்லது.

இயங்கிக்கொண்டிருக்கும் கோப்பை அழிக்க விண்டோஸ் விடாது. இணையத்தைத் துண்டித்து, இயங்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்திவிட்டு அழிக்க வேண்டும். நிற்காவிட்டால் தேவையானவற்றை மட்டும் ஏற்றித் தொடங்கும் சேஃப் மோடில் முயலலாம். கோப்பு போனாலும், கணினி தொடங்கும்போது அதை அழைக்கும் பதிவு எங்கேனும் தங்கியிருக்கலாம். ஸ்டார்ட்அப் பட்டியல், குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் டாஸ்க் ஷெட்யூலர் இரண்டையும் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் கருவி இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டிவிடும். வைரஸ் தடுப்பு நிரலால் முழுச் சோதனையும் நடத்துங்கள்.

இறந்தகாலத்தைத்தான் பலரும் மறக்கிறார்கள். ஒருமுறை இயங்கிய கோப்பு, நீங்கள் அதை அழிப்பதற்குள் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை எடுத்து அனுப்பியிருக்கலாம். அவற்றை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் முதலில்.